முத்து வியாபாரியின் தர்மம்

வியாபாரத்தில் தர்மம் பார்த்தால் முதலும் மிஞ்சாது என்பது துறைமுகப் பட்டணங்களில் பழகிப்போன பேச்சு. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையில் அதற்கு மதிப்பும் உண்டு. அப்பேச்சைத் தமது வாழ்க்கையாலேயே பொய்யாக்கியவர் ஸ்ரீமத் ராஜசந்திரர் என்னும் ஜைன ஞானி.

1867-ம் வருஷம் கத்தியவாரில் வவாணியா கிராமத்தில் பிறந்த இவர், பம்பாயில் முத்தும் வைரமும் விற்ற வியாபாரி. 1891-ல் பாரிஸ்டராகச் சீமையிலிருந்து திரும்பிய காந்திஜி இவரைச் சந்தித்தார். லக்ஷக்கணக்கில் பேரம் முடித்த மறுகணமே ஆத்ம விசாரத்தை எழுத உட்காரும் இம்மனிதரைக் கண்டு வியந்ததாகத் தமது சுயசரிதையில் கூறியிருக்கிறார். டால்ஸ்டாய், ரஸ்கின் இருவரோடும் சேர்த்து, தம் வாழ்வில் ஆழப் பதிந்தவர் என்று இவரையே குறிப்பிட்டார்.

ஒரு சமயம் விலை ஏறிவிட, ஒப்பந்தப்படி இவருக்குச் சரக்குக் கொடுக்க வேண்டிய வியாபாரி குடும்பத்தோடு அழியும் நிலைக்கு வந்தாராம். இவர் அப்பத்திரத்தைக் கிழித்தெறிந்தார் என்று சொல்லப்படுகிறது. எந்த வக்கீலும் அப்பத்திரத்தின் மேல் சுலபமாக டிக்ரி வாங்கித் தந்திருப்பார். சட்டம் அனுமதிப்பதெல்லாம் தர்மமாகிவிடாது என்பதே இவர் கண்ட உண்மை.

1896-ல் நடியாத்தில் ஒரே அமர்வில் 142 செய்யுட்களாக இவர் இயற்றிய ஆத்ம சித்தி என்னும் குஜராத்தி நூல் ஆறு உண்மைகளை நிலைநாட்டுகிறது. அவற்றுள் இரண்டு, வினையைச் செய்வதும் ஆத்மாவே, பயனை அனுபவிப்பதும் ஆத்மாவே என்பன. 1901-ல் ராஜ்கோட்டில் இவர் மறைந்தபோது வயது 33 தான்.

எண்ணூரில் நாம் கண்டதென்ன? 2017 ஜனவரி 28-ந்தேதி துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கலந்தது. 2023 டிசம்பரில் மணலிப் பக்கத்து எண்ணெய் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிற்று. அதே மாதம் 26-ந்தேதி இரவு, உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தை குட்டிகளுடன் வீட்டைவிட்டு ஓடினார்கள். இங்கே வினை செய்தவர் ஒருவர். பயனை அனுபவித்தவர் வேறொருவர். வாளியால் எண்ணெயை அள்ளிய மீனவனுக்குத் தொழிற்சாலை லாபத்தில் பங்கு உண்டா?

நீருக்கும் உயிர் உண்டென்பது ஜைன சித்தாந்தம். அதை ஒப்பாதவரும், அந்நீரில் வாழும் மீனையும் இறாலையும், அவற்றை நம்பி வாழும் குடும்பங்களையும் உயிரில்லாதவை என்று சொல்லத் துணியார்.

தொழில் வேண்டாமென்பது நமது கட்சியல்ல. ராஜசந்திரர் கடையை மூடிவிட்டுத் தர்மம் பேசவில்லை. கடைக்குள்ளேயே அதை நடத்திக் காட்டினார். நாம் கேட்பதும் அவ்வளவே. குழாயைச் செப்பனிடும் செலவும், கழிவைச் சுத்திகரிக்கும் செலவும், நஷ்டமடைந்தோருக்குரிய ஈடும் முதலாளியின் பேரேட்டில் லாபத்துக்கு முன்னால் எழுதப்படட்டும். அதிகாரிகளும் விபத்துக்குப் பின் அறிக்கை கேட்பதோடு நில்லாமல், முன்னதாகவே அந்தப் பேரேட்டைப் பார்க்கட்டும். பிறருடைய கஷ்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் காட்டும் லாபம் பொய்க் கணக்கேயாகும்.