பெயர் மட்டும் போதுமா?



வெளிநாடுகளில் சிலர், தாங்கள் வளர்க்கும் பூனைக்கு, 'பாஸ்டெட், அனுபிஸ்' என, பண்டைய எகிப்து தெய்வங்களின் பெயரைச் சூட்டுகின்றனர். பாஸ்டெட், பூனைத் தலை கொண்ட பெண் தெய்வம், பொருத்தம் தான். அனுபிசுக்கோ குள்ளநரித் தலை! பொருள் அறிந்து பெயர் வைக்க வேண்டாமா?

வீட்டுப் பூனை இறந்தால், எகிப்தியர் புருவத்தை மழித்து துக்கம் காத்தனர் என்று, கிரேக்க அறிஞர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். அதே நாட்டில், பாஸ்டெட்டுக்கு காணிக்கையாக்க, பூனைக்குட்டிகளைக் கழுத்தை நெரித்துக் கொன்று, 'மம்மி' ஆக்கியதும் உண்டு. அந்த மம்மிகளை எக்ஸ்-ரே எடுத்தபோது, இது தெரிய வந்தது.

ஆகவே, தெய்வப் பெயர் பூனையைக் காப்பாற்றாது. வேளைக்கு உணவும், குடிக்கத் தண்ணீரும், வாலைப் பிடித்து இழுக்காத அன்பும் தான் காப்பாற்றும்.

எகிப்தியர், பூனையை எப்படி அழைத்தனர் தெரியுமா? 'மியு!' பூனை, தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். எனக்குப் பிடித்ததும் அது தான்!