மறு கன்னம்

ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொன்னார் இயேசு. இதைச் சொல்லியே "பொறுத்துப் போம்மா" என்று பொம்பளைப் பிள்ளைகளுக்குத்தான் புத்தி சொல்றாங்க. அடிக்கிறவனுக்கு யாரும் சொல்றதில்லை!

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் 'வலது கன்னம்' என்றே இருக்கிறது. எதிரே நிற்பவரின் வலது கன்னத்தில் நம் வலது கையால் அறைந்தால் (சும்மா காற்றில் செய்து பாருங்க!) புறங்கைதான் படும். கேவலப்படுத்தத்தான் அப்படி அடிப்பார்கள். பதிலுக்கு அடிக்காமல், ஆனால் தலைகுனியாமல் நிற்கச் சொல்கிறார் என்பது என் கருத்து.

ஏனென்றால் யோவான் 18-இல், விசாரணையின்போது ஒரு சேவகன் இயேசுவையே அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை. வாயை மூடிக்கிட்டும் இருக்கவில்லை. நான் என்ன தப்பாகப் பேசினேன், ஏன் அடித்தாய் என்று நேராகவே கேட்டார். பொறுத்துப் போகச் சொல்றவங்க இந்தப் பக்கத்தை ஏன் வாசிக்கிறதே இல்லை?

– 9-ஆம் வகுப்பு மாணவி