வைக்கோல் வாரி வாங்குமுன்

சில மாதங்களுக்கு முன் ஆய்வின் நிமித்தம் ஒரு சங்கத்தின் கிடங்கைத் திறந்து பார்க்க நேர்ந்தது. உர மூட்டைகளுக்கு அப்பால், தார்ப்பாய் போர்த்திய ஓர் இயந்திரம் நின்றிருந்தது. டிராக்டரின் விசையால் சுழன்று, வயலில் கிடக்கும் வைக்கோலை வரிசையாக ஒதுக்கும் வாரி அது. வர்ணங்கூட மங்கவில்லை. வாடகைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்; இரண்டே பதிவுகள் இருந்தன. “மானியம் கிடைத்தது, வாங்கிவிட்டோம்” என்றார் தலைவர். அவர் நேர்மையானவர்; கணக்கில் ஒரு காசு பிசகில்லை. ஆயினும் அங்கத்தினர்களின் பணத்தில் ஒரு பகுதி அந்தத் தார்ப்பாயின் கீழ் உறங்கிக்கொண்டிருந்தது என்பதை மறுக்க இயலுமா?

இப்பொழுது வேறு சில சங்கங்களிலும் வாரி வாங்கும் பேச்சு எழுந்திருக்கிறது. அதில் நியாயம் இல்லாமலில்லை. காலையில் பனியன் கம்பெனி வண்டிகள் ஊர் ஊராக வந்து ஆட்களை ஏற்றிச் சென்றபின், களத்தில் வைக்கோலைத் திருப்பிப் போட எத்தனை கைகள் மிஞ்சுகின்றன? ஆதலின் இயந்திரமே வேண்டாம் என்பது என் கருத்தன்று. எந்த நிலத்துக்கு எந்த வாரி என்று கேளாமல் விலைப்பட்டியலைக் கையில் எடுப்பதுதான் தவறு என்கிறேன். நெசவாள அங்கத்தினர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூலின் நம்பரைப் பாராமல் தறிக்கு அச்சு வாங்குபவர் அவர்களில் எவரும் இலர்.

நம் பகுதியில் வாருவதற்கு என்ன கிடக்கிறது என்று முதலில் பார்ப்போம். காங்கேயம், வெள்ளகோயில், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள் வளரும் கொழுக்கட்டைப் புல்லை மாடும் ஆடும் நேரே மேய்ந்துவிடுகின்றன. சரளை மிகுந்த அந்தத் தரையில் வாரியை ஓட்டினால் புல்லைவிடக் கல்லே அதிகம் சேரும். மானாவாரிச் சோளத்தட்டையும் அறுத்துக் காயவைத்துக் கையால் கட்டிப் போரிடுவதே நன்று. நீண்ட தட்டை இரும்புப் பற்களால் இழுத்தால் தோகை உதிரும், மண்ணும் ஒட்டும். அடர்த்தியாக விதைத்து மெல்லிய தண்டுடன் அறுக்கும் தீவனச் சோளத்தை வேண்டுமானால் விதிவிலக்காகக் கொள்ளலாம்.

கடலைக்கொடியின் கதை வேறு. அதன் சத்தில் பெரும்பங்கு இலையில் இருக்கிறது. உச்சி வெயிலில் வாரினால் இலை பொடிந்து நிலத்தோடு போய்விடும். மாட்டுக்குக் காம்பே மிஞ்சும். விடியற்காலையில், பனியின் ஈரம் முற்றும் உலருமுன், மெதுவாக வார வேண்டும். நம் பாட்டிமார் கவைக்கோலுடன் வெயிலேறுமுன் களத்துக்குப் போனதன் காரணம் இதுவே. இன்றைய வாரி எதுவும் அந்த விதியை மாற்றிவிடவில்லை.

எஞ்சுவது நெல் வைக்கோல். மடத்துக்குளம், உடுமலை, தாராபுரம் ஆகிய அமராவதிப் பாசன ஊர்களிலும், 1955-இல் முடிவுற்ற பவானிசாகர் அணையின் கீழ்பவானி வாய்க்கால் எட்டும் காங்கேயத்துப் பகுதியிலும் அறுவடை இப்பொழுது பெரும்பாலும் இயந்திரத்தால் நடக்கிறது. அவ்வியந்திரம் வைக்கோலைத் தன் பின்னால் வரிசையாக விட்டுச் செல்கிறது. அவ்வரிசை காய்ந்து சீராகக் கிடக்குமாயின், பேலர் என்று எல்லோரும் சொல்லும் கட்டு இயந்திரம் நேரே வந்து அள்ளிக் கட்டிவிடும். அங்கே வாரி வீண். வரிசை மெலிந்து சிதறினாலோ, மழையில் நனைந்து அடிப்பக்கம் காயாமல் கிடந்தாலோதான் வாரி தன் கூலியைச் சம்பாதிக்கும். ஈரத்தோடு கட்டிய வைக்கோல் பூஞ்சணம் பிடிக்கும், போருக்குள் சூடேறும். மழை பெய்த மறுவாரம் ஒரு முறை புரட்டிப் போடுவது ஓராண்டுத் தீவனத்தைக் காக்கக்கூடும். இரண்டு மெலிந்த வரிசைகளை ஒன்றாக்கினால் பேலர் வயலைச் சுற்றும் சுற்றும் குறையும், டீசலும் குறையும்.

பஞ்சாபில் அறுவடைக்குப் பின் நின்ற தாளையும் வெட்டி, வாரியால் திரட்டி, பிறகு கட்டுகிறார்கள். வெட்டிய தாள் வயல் முழுவதும் பரவிக் கிடப்பதால் அங்கே வாரி இன்றியமையாதது. நம்மவர் தாளை மேயவிட்டு மடக்கி உழுபவர்கள். பஞ்சாபின் ஜோடனையை அப்படியே இங்கு இறக்கினால் என் கிடங்குக் கதைதான்.

வாரிகளில் மூன்று வகைகளையே நாம் பார்க்க வேண்டியிருக்கும். சாய்வாகப் பொருத்திய பற்சக்கரங்கள் தரையில் உருண்டு தாமே சுழலும் வகை ஒன்று. டிராக்டரின் விசைத்தண்டு இதற்குத் தேவையில்லை. நான்கைந்து சக்கரம் உள்ளதைச் சிறு டிராக்டரும் இழுக்கும். பழுதுபார்க்க உள்ளூர்ப் பட்டறையே போதும். பற்கள் தரையைத் தொடுவதால் மண் சேரும் என்பது குறை. இரண்டாவது, குறுக்குச் சட்டங்களில் பல் பொருத்திய வகை. இலையை உதிர்க்காமல் மென்மையாக ஒதுக்கும். மூன்றாவது, விசைத்தண்டால் சுழலும் வகை; வேலை சுத்தம், வரிசை பஞ்சுபோல் விழும், விலையும் பராமரிப்பும் அதிகம். நெல் வைக்கோல் மட்டும் உள்ள நம் சங்கங்களுக்கு முதல் வகையே போதும் என்பது என் துணிபு. தாள்முனையைப் பல் தடவிச் செல்லும் அளவுக்கு வில்லை இளக்கிக்கொண்டால் மண்ணும் பெரிதாகச் சேராது.

ஓட்டுபவர் மாலைதோறும் பற்களை எண்ண வேண்டும். முறிந்த கம்பி வைக்கோற் கட்டுக்குள் சென்றால் மாட்டின் இரண்டாம் வயிற்றில் தங்கி, நெஞ்சு வரை குத்திக் கொல்லக்கூடும். இதை வாடகை ரசீதிலேயே அச்சிட்டால்கூடத் தவறில்லை.

இனிக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, 1,00,000 ரூபாய் விலையுள்ள வாரி 10 ஆண்டு உழைக்கும் என்போம். தேய்மானம் ஆண்டுக்கு 10,000. வட்டி, பழுது, பாதுகாப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு 10,000. ஆண்டுக்கு 40 ஏக்கர் ஓடினால் ஏக்கருக்கு 500 ரூபாய் செலவு; 200 ஏக்கர் ஓடினால் 100. டிராக்டரும் ஓட்டுநரும் இதற்குப் புறம்பு. மானியம் இந்தத் தொகையைக் குறைக்கும், ஏக்கரைக் கூட்டாது. ஆதலின் விலைப்புள்ளி கேட்குமுன், எந்தெந்த அங்கத்தினர் எத்தனை ஏக்கர் வைக்கோலுக்கு வாடகை கொடுத்து வாரச் சம்மதிக்கிறார் என்று கையொப்பத்துடன் ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். விற்பவர் அந்தப் பட்டியலில் உள்ள ஒருவருடைய வயலிலேயே ஓட்டிக் காட்டட்டும். அதன் பின் காசோலை எழுதலாம்.

கிடங்கில் உறங்கும் அந்த வாரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமராவதிப் பாசனத்தில் நெல் விளையும் பக்கத்துச் சங்கம் ஒன்றுக்கு அதைப் பருவ வாடகைக்கு விடலாம் என்று என் குறிப்பில் எழுதியிருக்கிறேன். தலைவரும் இசைந்து கடிதம் அனுப்பிவிட்டார். அறுவடைக்கு முன் பதில் வர வேண்டும்.