ஊர்க்காரர் யார்?

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகர். 2022 மே மாதம், உச்சநீதிமன்ற உத்தரவைக் காட்டி அங்கே வீடுகளை இடித்தார்கள். பல்லாண்டு குடியிருந்த உழைப்பாளி மக்கள் 'ஆக்கிரமிப்பாளர்' ஆனார்கள். மனம் நொந்த ஒருவர் தீக்குளித்து மாண்டார்.

ஏழை எத்தனை வருஷம் வாழ்ந்தாலும் ஊர்க்காரன் இல்லை. பணக்காரர் கதை வேறு. வேண்டும்போது அவர் ஊர்க்காரர். வரி கேட்டால் வெளியூர்க்காரர்!

வெளிநாட்டில் தொழில் நடத்தும் இந்தியர் ஆண்டில் 182 நாள் இங்கே தங்காவிட்டால், அவருடைய வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரியில்லை. இங்கே 15 லட்ச ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவருக்கு 2020ல் இதை 120 நாளாக்கினார்கள். நாள் எண்ணிக் கொடுக்க ஆடிட்டர்களுக்கா பஞ்சம்?

வளைகுடா வெயிலில் கல் சுமந்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம் சகோதரரை நாம் குறை சொல்லவில்லை. சாராய முதலாளி விஜய் மல்லையாவைச் சொல்கிறோம். 2002லும் 2010லும் கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனவர் அவர். வங்கிகளுக்குச் சுமார் 9,000 கோடி ரூபாய் பாக்கி வைத்து, 2016 மார்ச்சில் நாட்டைவிட்டுப் போனார். வெளிநாட்டுச் சொத்து எவ்வளவு என்று உச்சநீதிமன்றம் கேட்டது. 1988 முதல் தான் வெளிநாடுவாழ் இந்தியர், சொல்லக் கடமையில்லை என்றார்! சட்டம் செய்யும் சபையில் உட்காரும்போது மட்டும் உள்நாட்டுக்காரரா?

பிரிட்டனில் 2010ல் ஒரு சட்டம் வந்தது. பார்லிமெண்ட் உறுப்பினர் எவரும் வரிக் கணக்கில் அந்நாட்டுவாசியே என்றது. அதிலும் ஓட்டை. 2022ல் நிதியமைச்சர் ரிஷி சுனக் உழைப்பாளிகளின் சம்பளத்தில் பிடிக்கும் தேசிய இன்சூரன்ஸை உயர்த்தினார். அதே ஏப்ரலில் உண்மை வெளிவந்தது: அவர் மனைவி அக்ஷதா மூர்த்தி, பூர்வீகம் வெளிநாடு என்ற சலுகையில், ஆண்டுக்கு 30,000 பவுன் கட்டிவிட்டு, வெளிநாட்டு வருமானத்துக்கு அங்கே வரி கட்டாமலிருந்தார். சட்டப்படி அது குற்றமல்ல. ஆனால் மக்கள் கொதித்தார்கள். அவர் வரி கட்டச் சம்மதித்தார். 2025 ஏப்ரலில் அந்தச் சலுகையே ஒழிந்தது.

இங்கேயோ, "அரசியல்வாதி எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்" என்று சலித்துக்கொண்டு நாம் விலகிவிடுகிறோம். அந்தச் சலிப்புதான் பண மூட்டைகளுக்குக் காவல்.

ஆலைத் தொழிலாளியும் வயலில் நாற்று நடும் பெண்ணும் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் வரி சேர்ந்தே வருகிறது. அவர்களிடம் யாரும் நாள் கணக்குக் கேட்பதில்லை.

ஆகவே நாம் கோருகிறோம்: எம்.பி., எம்.எல்.ஏ. யாராயினும், அவர் மனைவி அல்லது கணவரும், வரிக் கணக்கில் இந்நாட்டுவாசியே என்று சட்டம் வேண்டும். வேட்புமனுவிலேயே அதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் முதல் கேள்வி இதுவாகட்டும்: ஐயா, வரி கட்டும்போது நீர் எந்த ஊர்?