ஸ்போர்ட்ஸ் காருக்கு எது நியாயமான கிரயம்?

திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலே வசிக்கும் வாசக அன்பர் ஒருவர் வினா ஒன்று விடுத்துள்ளார். விற்பனைக்கு வந்திருக்கும் எம்.ஜி.பி. என்னும் இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின்மீது அவருடைய மகனாருக்குப் பெருவிருப்பம். வாங்குவதாயின், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்திலேதான் கைவைத்தல் வேண்டும். கேட்கப்படும் கிரயம் நியாயமானதா என்பதே தந்தையின் கவலை.

அது பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஓட்டிய கார் என்று விற்பவர் சொல்கின்றாராம். துறைமுக ஊரிலே இத்தகைய கதைக்கு மவுசு அதிகம். ஆயினும் ஆண்டுகளைச் சற்றே ஒப்புநோக்குக. திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் கையளித்தது 1957ஆம் ஆண்டிலே. எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலே உற்பத்தியாகத் தொடங்கியதோ 1962ஆம் ஆண்டிலே. 1980 வரை அது செய்யப்பட்டது. தளம் கைமாறியபோது பிறந்திராத காருக்குத் தளத்தின் பெருமையைச் சூட்டி விலை கேட்டால், அதற்கென ஒரு சதமும் கூட்டிக் கொடுத்தல் வேண்டா.

கிரயத்தை நிர்ணயிப்பது கதையன்று, கறள். ஒருபுறம் உட்துறைமுகமும் மறுபுறம் திறந்த கடலும் சூழ்ந்த ஊர் இது. உப்புக் காற்று தகரத்தை ஓயாது அரிக்கும். வடகீழ்ப் பருவமழை அவ்வேலையை விரைவுபடுத்தும். எம்.ஜி.பி. காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுகளின் கீழே முன்னிருந்து பின்னாக நீளும் பெட்டி போன்ற தகரப் பகுதியே அதன் முதுகெலும்பு. அங்கே ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்க்க. தகரத்துக்குப் பதிலாகப் பசையை நிரப்பி வர்ணம் பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது. பின்னர், காரின் ஒரு பக்கத்தை ஜாக்கினால் உயர்த்திக் கதவைத் திறந்து மூடுக. கதவு இறுகினால் முதுகெலும்பு தளர்ந்துவிட்டது என்று கொள்க. தரைவிரிப்பைத் தூக்கி அடித்தகரத்தையும் பார்த்தல் அவசியம்.

எஞ்சினைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டுவதில்லை. 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அது எளிய அமைப்புடையது. கைதேர்ந்த மெக்கானிக் பிரித்துப் பூட்டுவார். உடலின் கறளைக் களைந்து புதுத் தகரம் ஒட்டுவதே பெருஞ்செலவு. பளபளக்கும் வர்ணத்தைக் கண்டு மயங்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அடுத்து, பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் காரிலுள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். விற்பவரின் பெயரிலேயே கார் பதிவாகியுள்ளதா என்பதையும் நோக்குக. முன்னைய உரிமையாளரின் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களை மட்டும் காட்டினால், எத்துணை மலிவாயினும் விலகுதல் நன்று.

இனிக் கணக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட தட்டுப்பாட்டுக் காலத்திலே பழைய கார்களின் விலை எங்கோ சென்றது. அக்காலத்து விலையை இன்று அளவுகோலாகக் கொள்ளலாகாது. விளம்பரத்தில் கேட்கும் தொகையையும் நம்ப வேண்டா; அண்மையில் உண்மையாகக் கைமாறிய தொகையை விசாரித்தறிக. நல்ல நிலையிலுள்ள காரின் கிரயம் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். திருத்தச் செலவு 35 பங்கு என்று கராஜ்காரர் எழுத்தில் தந்தால், எதிர்பாராத செலவுக்கு மேலும் 10 பங்கு ஒதுக்குக. எஞ்சும் 55 பங்கே நியாயமான கிரயம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?

அன்பருக்கு இன்னுமொரு வார்த்தை. 'வேண்டாம்' என்று வீட்டிலிருந்தே மறுத்துவிடாதீர்கள். மகனாரையும் அழைத்துச் சென்று, காந்தத்தை அவர் கையிலே கொடுங்கள். கணக்கையும் அவரே எழுதட்டும். எஞ்சிய தொகையை மட்டும் சொல்லிப் பாருங்கள். விற்பவர் இசைந்தால் மகிழ்ச்சியோடு வாங்கலாம். இசையாவிடின், முதுமைக்கென வைத்த பணம் வங்கியிலேயே இருக்கும். தந்தை தடுத்தார் என்ற மனக்குறையும் மகனுக்கு இராது.