'எங்கள் நாட்டுத் தேயிலை': யார் அந்த 'எங்கள்'?

கடந்த முறை லண்டன் சென்றிருந்தபோது, பிக்கடிலிப் பகுதியிலுள்ள பழைய ஹோட்டல் ஒன்றுக்கு நண்பர்கள் என்னை அழைத்துச் சென்றார்கள். லண்டனுக்கு வந்தவர் 'ஆஃப்டர்நூன் டீ' அருந்தாமல் திரும்பக் கூடாது என்பது அவர்களது பிடிவாதம். வெள்ளைத் துணி விரித்த மேசை, மூலையில் பியானோ, வெள்ளிக் கேத்தல், மூன்றடுக்குத் தட்டு. கீழடுக்கில் ஓரம் நீக்கிய வெள்ளரிக்காய் சாண்ட்விச், நடுவில் சூடான ஸ்கோன், மேலே விரலளவு கேக் துண்டுகள். ஸ்கோனுக்குத் துணையாக ஸ்ட்ரோபெரி ஜாமும் கெட்டியான பாலாடையும் வந்தன. ஜாமை முதலிற் பூசுவதா, பாலாடையை முதலிற் பூசுவதா என்பதில் கோர்ன்வோல்காரருக்கும் டெவன்காரருக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு என்று பரிசாரகர் சிரித்தபடி விளக்கினார். எல்லாம் சுவையாகவே இருந்தன.

தேயிலைகளுக்கெனத் தனியாக ஓர் அட்டை தந்தார்கள். சீனத்தின் லப்சாங் சூசோங், டார்ஜீலிங், அஸாம், இவற்றின் நடுவே 'சிலோன்'. அதன் கீழே அது விளைந்த மலைப்பகுதி, அதன் உயரம், சுவையின் இயல்பு எல்லாம் இரண்டு வரிகளில் எழுதப்பட்டிருந்தன. என் அருகிலிருந்தவர் முப்பது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்தவர். அந்த வரியை விரலாற் சுட்டி, "பாத்தீங்களே அண்ணை, எங்கட நாட்டுத் தேயிலை!" என்றார். அவர் முகத்தில் உண்மையான பெருமிதம் இருந்தது.

நண்பரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. இதே பெருமிதத்தை ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் பாரிஸிலும் கேட்டிருக்கிறேன். கொழும்பிலும் கேட்கிறேன். 'எங்கள்' என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறேன். அந்தச் சொல்லை உச்சரிக்கும் தகுதி நமக்கு இருக்கிறதா என்பதே என் கேள்வி.

முதலில், 'பாரம்பரியம்' என்று விற்கப்படும் இந்தப் பிற்பகல் தேநீரின் வயதைப் பார்ப்போம். 1662 இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னனை மணந்து வந்த போர்த்துக்கேய இளவரசி கதரின்தான் தேநீர் அருந்தும் பழக்கத்தை ஆங்கில அரசவையில் பரப்பியவர் என்பர். ஸ்ட்ராண்ட் வீதியில் ட்வைனிங் தொழில் தொடங்கியது 1706 இல். ஆனால், பிற்பகலில் சிற்றுண்டியோடு தேநீர் அருந்தும் வழக்கம் 1840 அளவிலேதான் வந்தது. பெட்ஃபோர்ட் கோமகள் அன்னா மரியாவுக்கு மதிய உணவுக்கும் பிந்திய இரவு உணவுக்கும் இடையே பசி தாங்கவில்லையாம். அதிலிருந்து பிறந்ததாம் இந்த வழக்கம். கோமகளின் பசிக்கு வரலாற்றில் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

இடையே ஒரு சிறு செய்தி. கொழும்பின் நட்சத்திர ஹோட்டல்கள் இதே விருந்தை 'ஹை டீ' என்று விளம்பரம் செய்கின்றன. 'ஹை' என்றால் உயர்குடியினருடையது என்று நம்மவர் எண்ணுகின்றனர். இங்கிலாந்தில் 'ஹை டீ' என்பது ஆலையிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் களைத்து வந்த தொழிலாளி, மாலையில் இறைச்சியும் ரொட்டியும் வைத்து உண்ட சாப்பாடு. தொழிலாளியின் உணவுப் பெயரைப் பிரபுவின் உணவுக்குச் சூட்டி மகிழ்கிறது நமது மேட்டுக்குடி.

அன்னா மரியாவின் கோப்பையில் இலங்கைத் தேயிலை இருந்திருக்க முடியாது. அப்போது நமது மலைகளில் இருந்தது கோப்பி. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டிருந்தார். 1873 இல் லண்டனுக்குப் போன முதற்பொதி வெறும் 23 இறாத்தல். 1890 இல் தோமஸ் லிப்டன் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கினார். மளிகைக் கடைக்காரரான அவருக்குத் தேவைப்பட்டது மலிவான தேயிலை. பிரபுக்களின் பானம் சாதாரண ஆங்கிலேயனின் அடுப்படிக்குள் புகுந்ததற்கு அந்த மலிவு ஒரு பெருங்காரணம்.

மலிவு எங்கிருந்து வந்தது? மண் வளமும் நீராவிக் கப்பலும் மட்டும் அதைத் தந்துவிடவில்லை. கூலியின் குறைவு தந்தது. 1820 களிலிருந்தே தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கெனக் கொண்டுவரப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியிலேயே பலர் மாண்டு, எஞ்சியவர்கள் மலையேறிய மக்களின் கூலி அது. அவர்களுக்கென வரிசையாகக் கட்டப்பட்ட, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளைக் கொண்ட லயன்களும் ஏறத்தாழ கோமகளின் பிற்பகல் தேநீரைப் போன்றே வயதுடையவை. ஒரே காலத்தின் இரண்டு பாரம்பரியங்கள் இவை. ஒன்றைப் பேணுகிறார்கள், விலை வைத்து விற்கிறார்கள். மற்றதிலே இன்றும் மக்கள் வசிக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லண்டனின் பெரிய ஹோட்டல்களில் இந்த விருந்துக்கு ஆளொருவருக்கு 70 பவுணுக்கு மேல் அறவிடப்படுகிறது. பவுண் ஒன்றுக்கு 400 ரூபா என்று கொண்டால் 28,000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல், ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின் 1,000 ரூபாவாயிற்று. 2024 இல் 1,350 ஆயிற்று. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அதை 1,750 ஆக உயர்த்த முன்மொழிந்தது. அதில் 200 ரூபா வரவுக்கான ஊக்கத்தொகை. அந்த உயர்ந்த தொகையையே எடுத்துக்கொண்டாலும், ஒரு பிற்பகல் விருந்தின் விலை ஒரு பெண்ணின் 16 நாள் உழைப்பு.

சாண்ட்விச்சுக்கும் பியானோவுக்கும் சேர்த்துத்தானே அந்த விலை என்று கேட்பீர்கள். சரி, தேநீரை மட்டும் பிரித்தெடுப்போம். ஒரு பெண் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து பறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிர்ணயித்த அளவுக்குக் குறைந்தால் பல தோட்டங்களில் 'அரைப்பேர்' தான் விழும். அதாவது அன்று முழுவதும் மலையில் நின்றாலும் அரைநாட் சம்பளம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். ஆகவே அவரது ஒருநாள் கொழுந்து நான்கு கிலோத் தேயிலை. கோப்பைக்கு இரண்டரைக் கிராம் என்றால் 1,600 கோப்பை. ஒரு கோப்பைக்கு அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு ரூபா. அட்டைக்கடியும் குளவிக்கொட்டும் மழையும் சறுக்கும் சரிவும் இந்த ஒரு ரூபாவுக்குள் அடக்கம்.

இவ்வளவையும் எழுதிவிட்டு வெள்ளைக்காரனைத் திட்டி முடித்தால், இதைப் படிக்கும் பலருக்கு மனநிறைவாக இருக்கும். அந்த வசதியை நான் தரப் போவதில்லை. வெள்ளைக்காரன் 1948 பெப்ரவரியில் ஆட்சியைக் கையளித்துவிட்டான். அதே ஆண்டு நிறைவேறிய 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் அவர்கள் நாடாளுமன்றத்துக்குத் தமது பிரதிநிதிகளை அனுப்பியிருந்தார்கள். 1952 தேர்தலில் அனுப்ப முடியவில்லை. இவற்றைச் செய்தது லண்டன் அன்று, கொழும்பு.

கொழும்பு மட்டுமா? தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948 இல் அந்த அரசாங்கத்தில் அமைச்சரானார். தொடர்ந்து வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தை ஆதரித்தார். அதை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வடக்கின் தமிழ் அரசியல் பிளவுபட்டதே இந்த மக்களின் பெயரால்தான். ஆனால், பிளந்த பின் அவர்களை யார் நினைவில் வைத்திருந்தோம்? 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பிறகு பார்க்கப்படும் என்று ஒதுக்கப்பட்டது. பங்கு பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

நமது சமூகம் அவர்களை எப்படி அழைத்தது? 'தோட்டக்காட்டான்' என்று. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எத்தனை வசதியான தமிழ் வீடுகளின் அடுப்படியில் மலையகத்துச் சிறுமிகள் பாத்திரம் கழுவினார்கள்! 1977 வன்செயலுக்குத் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்களில் எத்தனை பேர் நம்மவரின் வயல்களில் மீண்டும் கூலிகளானார்கள்! பறித்தவரைக் 'காட்டான்' என்றும் பறித்த கொழுந்தை 'எங்கள் தேயிலை' என்றும் சொல்வதற்குப் பெயர் நாட்டுப்பற்று அன்று.

இதற்குச் சிலர் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். 'இலங்கைத் தேயிலையிற் பெரும்பகுதியை இன்று சிறுதோட்ட உடைமையாளர்தானே தருகிறார்கள்?' என்பார்கள். உண்மை. ஆனால் லண்டன் மேசையில் பெயர் சொல்லிப் பரிமாறப்படும் உயர்மலைத் தேயிலை நுவரெலியாவிலும் டிம்புள்ளயிலும் ஊவாவிலும் உள்ள பெருந்தோட்டங்களில் விளைவது. 'அப்படியானால் புறக்கணிப்போமா?' என்பது அடுத்த கேள்வி. வேண்டாம். விற்பனை விழுந்தால் முதலில் வேலை நாட்கள் குறைவது கொழுந்து பறிப்பவருக்கே.

'2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எல்லோருக்கும் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன?' என்பது மூன்றாவது. இன்னும் இருப்பது காணி. இரு நூற்றாண்டு உழைத்த மண்ணில் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சொந்தமாக ஓர் அங்குலமும் இல்லை. லயன் தோட்டத்துக்குச் சொந்தம்; கூரை ஒழுகினாலும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். பல லயன்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொடுத்தால் உண்டு. லண்டன் அட்டையில் தேயிலைக்கு ஊரும் உயரமும் எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் பறித்த பெண்ணுக்குத் தன் பெயருக்கு ஒரு கடிதம் வருவதற்கு வாசல் இலக்கம் இல்லை.

காணி இல்லாமை வெறும் மானப்பிரச்சினையும் அன்று, உயிர்ப்பிரச்சினை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. அது அபாயப் பகுதி என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே போவது? போவதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டாமா? 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டைச் சரித்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது.

நிலம் கொடுக்க முடியாதென்று அரசு சொல்ல முடியாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1990 களில் கம்பனிகளிடம் போனது குத்தகையே தவிர உடைமை அன்று. காணிக்காரன் இன்றும் அரசுதான். அப்படியிருக்க, ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்று ஆண்டுக்கணக்காகப் பேரம் பேசுவது வெட்கக்கேடு.

2023 இல், மலையக மக்களின் 200 ஆண்டு வருகையை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர் நடந்த வழியிலேயே நடந்தார்கள். நாங்கள் இந்நாட்டின் சமமான மக்கள், எமக்கு நிலம் வேண்டும் என்று கேட்டார்கள். புலம்பெயர் தமிழ் அமைப்புகள் ஜெனீவாவுக்கும் ஒட்டாவாவுக்கும் கொண்டுசெல்லும் மனுக்களில் அந்தக் கோரிக்கைக்கு எத்தனையாவது பக்கத்தில் இடம் கிடைத்தது? வடக்குக் கிழக்கில் பறிபோன காணிக்காகக் குரல் கொடுப்பது நியாயம், நானும் எழுதியிருக்கிறேன். ஒருபோதும் கிடைக்காத காணிக்காகவும் அதே குரல் எழ வேண்டும். தேயிலை வாங்கும் கடையில், இந்தத் தோட்டத்தில் நாட்சம்பளம் என்ன, குடியிருப்பு எப்படி என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்; பத்தாயிரம் பேர் கேட்டால் கம்பனிக்குக் கடிதம் எழுதுவார். உங்கள் சங்கங்களின் தீர்மானங்களில் மலையகத்தின் காணியுரிமையைக் கடைசி வரியில் அன்றி முதற்பக்கத்தில் எழுதுங்கள்.

தேநீரை நிம்மதியாகக் குடிக்கவும் விடமாட்டீர்களா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தாராளமாகக் குடியுங்கள், நல்ல தேயிலை அது. 'எங்கள்' என்ற சொல்லை மட்டும் சற்றுப் பொறுத்து வையுங்கள். அதைப் பறித்தவருக்குச் சொந்தக் காணியும் அதில் ஒரு வீடும் அந்த வீட்டுக்கு ஓர் இலக்கமும் கிடைக்கும் நாளில், எல்லோருமாகச் சேர்ந்து சொல்லலாம்.