மாணவனுக்கு எத்தகைய கருவி?

கோயில் வீதிகளில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்டுச் சுவைத்த ஊர் உடுப்பிட்டி. இங்கு ஒரு மாணவன் சாக்சபோன் பயில விரும்பினால், "தொடக்கத்துக்கு மலிவானதே போதும்" என்கின்றனர் பெரியோர். நான் அதற்கு உடன்படேன்.

1846இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற அக்கருவியைக் கருநாடக இசைக்கு வசமாக்கியவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த அவருக்கே அதற்குப் பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. அத்தகைய கருவி பழுதுள்ளதாயின் இளம்பிள்ளை என் செய்வான்? துளைமூடிகளின் மெத்தை சரிவரப் பொருந்தாவிடின் காற்றுக் கசியும், கீழ்ச்சுரங்கள் எழா. குறை கருவியினது; பழியோ பிள்ளைக்கு. இசை தனக்கு வாராதென்று அவன் ஒதுங்கிவிடுவான்.

ஆதலின் புதுமெருகில் மயங்கற்க. செப்பனிட்ட பழையதாயினும், ஆசிரியர் வாசித்துத் தேர்ந்த நல்ல கருவியே வேண்டும். தனிக் குடும்பத்துக்கு விலை எட்டாவிடின், பாடசாலையும் பழைய மாணவரும் கூடி வாங்கி இரவல் கொடுக்கலாமே!